புகையை வரைகிறவர்களும் புகையைக் குடிக்கிறவர்களும்

காற்று கெட்டுவிட்டது, ஆறு கெட்டுவிட்டது, கடல் கெட்டுவிட்டது என்ற பேச்சு இன்று உலகம் முழுவதும் கேட்கிறது. விஞ்ஞானிகள் பேசுகிறார்கள், மந்திரிகள் பேசுகிறார்கள், கெடுத்த கம்பெனிகளின் டைரக்டர்களும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். சில காலமாக ஓவியர்களும் சிற்பிகளும் பாடகர்களும் இந்த விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பெரிய நகரங்களின் கண்காட்சி மண்டபங்களில் புகையும் குப்பையும் செத்த மீனும் கலைப் பொருள்களாகியிருக்கின்றன.

மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிக்கும், களையெடுத்துவிட்டுக் கரையேறுகிற கூலிப் பெண்ணுக்கும் இதில் என்ன அக்கறை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அக்கறை இருக்கிறது. அந்தப் படங்களில் வரையப்படும் புகை நம் மார்பில் இருக்கிறது. அந்தச் சிற்பங்களில் காட்டப்படும் அழுக்குத் தண்ணீர் நம் கண்மாயில் நிற்கிறது. நம்மைச் சூழ்ந்த கேட்டைப் பற்றி ஒருவர் படம் எழுதினால், அந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை இந்த நிலையில் வைத்தவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பள்ளிக்கூடங்களில் நடக்கும் சுற்றுச்சூழல் ஓவியப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பூமி உருண்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, வாயில் காய்ச்சல் பார்க்கும் கருவியைச் செருகி, அது அழுவதாகக் குழந்தைகள் வரைகிறார்கள். குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததை வரைகிறார்கள். ஆனால் பூமியை அழவைத்தவன் யார்? படத்தில் அவன் இல்லை. கீழே 'மனிதனின் பேராசை' என்று எழுதியிருக்கும். எந்த மனிதன்? ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற மனிதனா, அந்த மில்லின் லாபக் கணக்கைப் பார்க்கிற மனிதனா? இருவரையும் ஒரே சொல்லில் கட்டி, இருவர் தலையிலும் ஒரே பழியைப் போடுவதுதான் இந்த 'மனிதன்' என்ற வார்த்தையின் தந்திரம்.

ஜன்னலிலிருந்து பார்த்த புகை

இந்தத் தந்திரத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பிரான்ஸ் தேசத்தின் புகழ்பெற்ற ஓவியர் மோனே, 1899 முதல் 1901 வரை லண்டனுக்குப் போய், சவாய் என்ற பெரிய ஹோட்டலில் தங்கி, தேம்ஸ் நதியையும் அதன் பாலங்களையும் மூடியிருந்த பனிமூட்டத்தை வரிசை வரிசையாக வரைந்தார். ஊதாவும் மஞ்சளும் கலந்த அந்த மூட்டத்தின் அழகை நூறு ஆண்டுகளாக ரசிகர்கள் புகழ்ந்து வந்தார்கள். 2023-ல் விஞ்ஞானிகள் சிலர் மோனேயின் படங்களையும், அவருக்கு முந்திய ஆங்கில ஓவியர் டர்னரின் படங்களையும் ஆராய்ந்தார்கள். தொழிற்சாலைகளில் நிலக்கரி எரிப்பு ஏறஏற, அந்தப் படங்களிலும் மூட்டம் ஏறியிருக்கிறது என்று கண்டார்கள். ரசிகர்கள் புகழ்ந்த அழகில் பெரும்பங்கு ஆலைப் புகை!

மோனே பெரிய கலைஞர். கண்ணால் கண்டதைப் பொய் சொல்லாமல் வரைந்தார். ஆனால் அவர் கண்டது ஹோட்டல் ஜன்னலிலிருந்து. அதே இங்கிலாந்தில் அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறொருவர் புகைக்குள் நடந்து போனார். மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் சந்துகளையும், தோல் பதனிடும் கழிவும் சாயக் கழிவும் கலந்து கறுத்துக் கிடந்த அந்த ஊர் ஆற்றையும் நேரில் பார்த்து, 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர்தான் பிரடெரிக் எங்கெல்ஸ். அப்போது அவருக்கு வயது 24. ஒருவர் புகையின் நிறத்தைக் கண்டார். மற்றவர் புகையின் சொந்தக்காரனைக் கண்டார். சுற்றுச்சூழல் கலை என்று இன்று சொல்லப்படுவதையெல்லாம் இந்த இரண்டு கண்களில் எந்தக் கண்ணால் பார்த்தது என்று கேட்டே நாம் எடைபோட வேண்டும்.

கூடாரத்துக்குள் டில்லிக் காற்று

இன்று கலை என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம் மட்டுமல்ல. ஓர் இடத்தைக் கட்டி, அதற்குள் ஜனங்களை நடக்கவிட்டு, கண்ணும் மூக்கும் உணரும்படி செய்வதும் கலையாகிவிட்டது. மைக்கேல் பின்ஸ்கி என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2017-ல் நார்வே தேசத்தில் ஐந்து கூடாரங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினார். ஒன்றில் நார்வேயின் ஒரு தீவின் சுத்தமான காற்று. மற்ற நான்கில் லண்டன், புது டில்லி, பீஜிங், பிரேசிலின் சாவ் பாலோ நகரங்களின் காற்றைப் போலவே நாறும் காற்று. 2019-ல் ஐக்கிய நாடுகள் சபை நியூயார்க்கில் கூட்டிய பருவநிலை மாநாட்டிலும் இந்தக் கூடாரங்கள் நின்றன. உள்ளே போனவர்கள் இருமினார்கள், மூக்கைப் பொத்தினார்கள், வெளியே வந்தார்கள்.

நல்ல யோசனைதான். படித்துத் தெரியாததை மூக்கு ஒரு நொடியில் தெரிந்துகொள்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கூடாரத்தில் இருந்தது தீங்கில்லாத பொருள்களைக் கலந்து செய்த காற்று. பார்க்க வந்தவர்களுக்கு உண்மையான விஷத்தைக் கொடுக்க முடியாதல்லவா? உண்மையான விஷம் அதை வேறு வழியில்லாமல் சுவாசிக்கிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரதிநிதிகளுக்கு வெளியே வரும் வாசல் உண்டு. டில்லியின் ரோட்டோரத்தில் படுக்கும் கூலிக்கு எந்த வாசல்?

இன்னொரு கலை விழாவையும் சொல்ல வேண்டும். இது நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. சீனத்துக் கலைஞர் சாய் குவோ சியாங் வெடிமருந்தையே வர்ணமாகப் பயன்படுத்துகிறவர். 2008 பீஜிங் ஒலிம்பிக் விழாவின் வாணவேடிக்கையை அமைத்தவர். 2025 செப்டம்பரில், மலையேறுகிற பணக்காரர்களுக்கு உடை விற்கும் ஆர்க்டெரிக்ஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து, திபெத்தின் மலைத்தொடரில் பறக்கும் டிராகன் வடிவில் பட்டாசு வெடித்தார். இயற்கையைப் போற்றும் கலை என்றார்கள். மண்ணில் மக்கிவிடும் பொருள் என்றார்கள். சீன மக்கள் இதை ஏற்கவில்லை. புல் முளைக்கவே பாடுபடும் அந்த உயரத்தில் யாரைக் கேட்டு வெடித்தீர்கள் என்று கொதித்தெழுந்தார்கள். கம்பெனியும் கலைஞரும் மன்னிப்புக் கேட்டார்கள். விசாரணை நடந்தது, அனுமதி கொடுத்த உள்ளூர் அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது. இயற்கையின் பெயரைச் சொல்லி உடை விற்ற விளம்பரம் அது என்பதை ஜனங்கள் புரிந்துகொண்டார்கள்.

பணம் யாருடையது?

ஆகவே கலையைப் பார்க்கும்போது, அதற்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லண்டனில் டேட் என்ற பெரிய கலைக்கூடம் இருக்கிறது. 1990 முதல் அதற்கு நன்கொடை கொடுத்து வந்தது பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி. 2010 ஏப்ரல் 20-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் அந்தக் கம்பெனிக்காக வேலை செய்த எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளிகள் மாண்டார்கள். மூன்று மாதம் கடலில் எண்ணெய் பீறிட்டது. அதே ஆண்டு கோடையில் டேட் கலைக்கூடம், பி.பி.யின் ஆதரவைக் கொண்டாட விருந்து வைத்தது!

அந்த விருந்தின் வாசலில் சில கலைஞர்கள் எண்ணெய் போன்ற கரிய திரவத்தைக் கொட்டினார்கள். 'டேட்டை விடுதலை செய்' என்பது அவர்களுடைய குழுவின் பெயர். ஆறு ஆண்டுகள் அவர்கள் ஓயவில்லை. கடைசியில் 2016-ல், அடுத்த ஆண்டோடு ஆதரவை முடித்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. இந்தக் கலைஞர்கள் அழகான படம் எதையும் விற்கவில்லை. குற்றவாளியின் பெயர்ப்பலகை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றார்கள். புகையின் சொந்தக்காரனைக் காட்டிய கலை இது.

எண்ணூரும் கொடைக்கானலும்

நம் தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட கலை பிறந்திருக்கிறது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

2017 ஜனவரியில் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்ற பாட்டைப் பாடி வெளியிட்டார். பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. சபா மேடையில் பட்டு ஜிப்பாவோடு பாடுகிற பாட்டல்ல அது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின் நிலையத்தின் சாம்பல் படிந்த இடத்திலேயே நின்று, சென்னைத் தெருக்களில் பேசும் தமிழில் பாடினார். மேல்சாதிச் சபைகளின் சொத்தாக வைக்கப்பட்டிருந்த ராகங்கள், மீனவர் கழிமுகத்துக்காகப் பேசின.

புறம்போக்கு என்றால் என்னவென்று விவசாயக் கூலிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு: வரிக் கணக்குக்கு வெளியே நின்ற பொதுச் சொத்து அது. ஆடு மேய்த்தோம், விறகு பொறுக்கினோம், மீன் பிடித்தோம், செத்தவர்களைப் புதைத்தோம். பொதுச் சொத்தைக் குறித்த சொல், நாளடைவில் ஒரு மனிதனைத் திட்டும் வசைச் சொல்லாக மாற்றப்பட்டது. நிலத்தை மதிக்காதே, அதை நம்பி வாழ்கிறவனையும் மதிக்காதே என்பதே அதன் பொருள். அந்த வசைச் சொல்லை எடுத்து, தலைநிமிர்ந்து சொல்லும் சொல்லாக்கியது அந்தப் பாட்டு. சொல்லின் மானத்தை மீட்பதும் நிலத்தை மீட்பதற்கு ஒரு வழியே.

கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனிக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடைக்குப் போனது அம்பலமாகி, 2001-ல் அது மூடப்பட்டது. பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளும் அவர்கள் குடும்பங்களும் சங்கம் கட்டி, நீதிமன்றம் ஏறி, பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். 2015-ல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்ற இளம் பாடகி, அமெரிக்காவில் பிரபலமான ஒரு பாட்டின் மெட்டில் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லியே பாடினார். லட்சக்கணக்கான பேர் அதைக் கேட்டார்கள். கம்பெனியின் தலைமை அதிகாரியே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களின் தரப்போடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது.

இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். வெற்றியைத் தந்தது பாட்டு மட்டுமா? இல்லை. பாட்டு வருவதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் சங்கம் நின்றது. சங்கம் இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால், நாலு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். அதே சமயம், சங்கம் பதினான்கு ஆண்டுகள் தட்டியும் திறக்காத கதவை, பாட்டும் சேர்ந்து தட்டியபோதுதான் உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எண்ணூரிலும் இதே பாடம். பாட்டு பாடியதால் கழிமுகம் சுத்தமாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையின் கசிவு அதே கழிமுகத்தில் பரவி, மீனவர் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. அந்த மாதக் கடைசியிலேயே ஓர் உரக் கம்பெனியின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மீனவக் குப்பத்து ஜனங்கள் நள்ளிரவில் ஓடினார்கள். ஸ்தாபனம் சர்க்காருடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும், ஜனங்கள் திரண்டு கண்காணிக்காவிட்டால் கழிவு ஏழையின் வாசலுக்கே வரும்.

அச்சங்குளம் எந்தப் படத்தில் இருக்கிறது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. நாட்டுக்கு வேண்டிய நாட்காட்டிகளில் பெரும்பகுதியும் இங்கேதான் அச்சாகிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் மூலம்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. அருவியும் பச்சை மலையும் அன்னம் நீந்தும் குளமும் அச்சான காலண்டர் தாள்கள் கட்டுக் கட்டாக இங்கிருந்து போகின்றன. அதே காலண்டரை மாட்டிய வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், அலுமினியப் பவுடர் படிந்த கையோடு ஒரு தாய் சோறு பிசைகிறாள். அந்தக் கையை எந்தக் காலண்டர் அச்சிட்டது?

டில்லியின் காற்றுக்காக 2015-ல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம், பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம். குழந்தைகளின் நுரையீரலைக் காப்பது நியாயம். இதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒரு ராத்திரி வானத்தில் வெடிக்கும் பேரியத்தைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட நாடு, அதைப் பத்து மாதம் வெறும் கையால் கலக்குகிறவர்களின் நுரையீரலைப் பற்றி என்ன கேட்டது? தீபாவளிப் புகையைப் பற்றி வடநாட்டில் எத்தனையோ சுவரொட்டிகள், படங்கள், கண்காட்சிகள். புகை வானத்தில் தொடங்குவதாகவே அவற்றில் இருக்கிறது. அது தொடங்குவது அச்சங்குளத்தில், மருந்து கலக்கும் அறையில்.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் உடல் கருகினார்கள். பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது என்றார்கள். ஒருவர் பெயரில் உரிமம் வாங்கி, அறை அறையாகப் பலருக்கு உள்குத்தகை விட்டிருந்த கதையும் வெளியே வந்தது. உள்குத்தகைக்காரன் போட்ட முதலைச் சீசனுக்குள் எடுக்க வேண்டும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆள் சேர்க்கிறான். மரத்தடியிலும் மருந்து செலுத்தச் சொல்கிறான். துண்டுக் கூலியைக் காட்டி வேகப்படுத்துகிறான். உராய்ந்தது மருந்து மட்டுமா? லாப வேகமும் மனித உயிரும் உராய்ந்தன. அதற்கு ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5-ல், முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போனதும் இதே பாதையில்தான்.

அச்சங்குளம் விபத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது எந்த நீதி ஸ்தாபனம் தெரியுமா? தேசிய பசுமைத் தீர்ப்பாயம்! ஆற்றையும் காட்டையும் காற்றையும் காக்க அமைக்கப்பட்ட அந்த மன்றம், இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. தொழிலாளியின் உடம்பும் சுற்றுச்சூழலின் ஒரு பகுதியே. ஆற்றில் விஷம் கலந்தால் எப்படிக் குற்றமோ, அப்படியே உழைப்பாளியின் ரத்தத்தில் விஷம் கலந்தாலும் குற்றம். சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், சுற்றுச்சூழல் ஓவியத்தில் தொழிலாளிக்கு இடமில்லையென்றால், ஓவியன் சட்டத்துக்கும் பின்தங்கி நிற்கிறான் என்று பொருள்.

வேலையா, காற்றா?

தோழர்களே! இதில் ஒரு முள் இருக்கிறது; அதை மறைக்காமல் பேச வேண்டும். மாசு, மாசு என்று பாட்டும் நாடகமும் போட்டால் ஆலையை மூடிவிடுவார்கள், பிறகு அடுப்பு எப்படி எரியும் என்று நம் ஜனங்கள் கேட்கிறார்கள். இது வெறும் பயமல்ல. 2018 தீர்ப்புக்குப் பின் பட்டாசு ஆலைகள் ஏறத்தாழ நான்கு மாதம் மூடிக் கிடந்தன. பட்டினி கிடந்தது யார்? கூலிக்காரக் குடும்பங்கள்தான்.

திருப்பூரிலும் இதுதான் நடந்தது. விவசாயத்துக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாயிற்று. நொய்யல் கரை விவசாயிகளின் கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான பட்டறைத் தொழிலாளிகள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். விவசாயிக்குத் தொழிலாளி விரோதி, தொழிலாளிக்கு விவசாயி விரோதி என்ற தோற்றம் உண்டாயிற்று. கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டு இத்தனை காலம் மிச்சம் பிடித்த பணம் யார் பெட்டிக்குப் போனது? வெளிநாட்டு வியாபாரிக்கு மலிவு விலையில் பனியன் போகவேண்டுமென்று நெருக்கியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காதவரை, உப்புக் கிணற்றுக்காரனும் வேலையிழந்தவனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருப்பார்கள்.

'வேலையா, காற்றா, ஒன்றைத் தேர்ந்தெடு' என்று நம் முன்னால் வைக்கப்படும் தராசே மோசடித் தராசு. அபாயமில்லாத அறை, உள்குத்தகை ஒழிப்பு, மருந்து கலக்கக் கருவி, வருஷாவருஷம் உடற்பரிசோதனை, மூடுகிற காலத்துக்கு முழுக் கூலி: இவற்றைக் கேட்டால் வேலையும் நிற்கும், காற்றும் நிற்கும்; குறைவது லாபம் மட்டுமே. அதனால்தான் முதலாளிமார் அந்தத் தராசைக் கீழே வைப்பதில்லை. நம்மிடையே எழும் கலை இந்த மோசடியை உடைத்துக் காட்டவேண்டும். வேலையைப் பற்றிப் பேசாமல் காற்றைப் பற்றி மட்டும் பாடுகிற பாட்டு, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பாதிப் பாட்டுதான்.

நம்முடைய பரம்பரை

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் ஏற்பட்டு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். இயற்கையின் கோபம் என்றது வெள்ளைக்காரச் சர்க்கார். கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியர் சித்தப்பிரசாத் மிட்னாப்பூர் ஜில்லாவின் கிராமம் கிராமமாக நடந்தார். எலும்பும் தோலுமாக நின்றவர்களை வெறும் கறுப்பு மையில் வரைந்தார். ஊரையும், பதுக்கியவனையும், கைவிட்ட சர்க்காரையும் எழுத்தில் சேர்த்து 'பசித்த வங்காளம்' என்று சிறு புத்தகமாக்கினார். சர்க்கார் என்ன செய்தது? அதன் பிரதிகளைப் பறித்துக் கொளுத்தியது. அழுகிற பூமிப் படத்தை எந்தச் சர்க்காராவது கொளுத்தியதுண்டா? பரிசல்லவா கொடுக்கிறார்கள்!

போபாலில் 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே ரூத் வாட்டர்மன் என்ற டச்சு நாட்டுச் சிற்பி, குழந்தையைக் கையில் ஏந்தி, முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு தாயின் சிலையைச் செய்தார். அந்தச் சிலை எந்த மியூசியத்திலும் இல்லை. ஆலைக்கு எதிரிலேயே நிற்கிறது. அந்தத் தாய் யாரிடம் கேட்கிறாள் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் எதிரே இருப்பது எது என்று பார்த்தால் போதும். கலை எங்கே நிற்கிறது என்பதும் கலையின் ஒரு பகுதியே.

மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் இன்று இதே பாதையில் நடக்கிறார். மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களைப் படமெடுத்தவர் அவர். அத்தோடு நிற்காமல், தூய்மைப் பணியாளர் வீட்டுக் குழந்தைகளுக்கும் வடசென்னைக் குழந்தைகளுக்கும் காமிராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நம்மைப் படமெடுக்க எவராவது வருவார் என்று காத்திருந்த காலம் போய், நம் பிள்ளைகளே எடுக்கும் காலம் தொடங்கிவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, இந்தக் கலையைக் கனவான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும் தவறு. பெரிய பெயர்களைக் கண்டு கைகட்டி நிற்பதும் தவறு. மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் குற்றவாளியின் விலாசம் இருக்கிறதா? இதில் உழைக்கிறவன் இருக்கிறானா? இது யார் வாசலில் நிற்கிறது? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், அந்தக் கலைஞன் நம் தோழன். அவனுக்குத் தோள் கொடுப்போம்.

நாமும் சும்மா இருக்கலாகாது. வெடிவிபத்து நடந்த ஒவ்வொரு ஊரிலும், எல்லோரும் நடக்கிற பாதையில், ஒரு கல் நிற்கட்டும். மாண்டவர்களின் பெயர், வயது, வாங்கிய கூலி, உரிமம் யார் பெயரில் இருந்தது, அறை யாருக்குக் குத்தகை விடப்பட்டிருந்தது, வழக்கு என்னவாயிற்று: இவற்றை அதில் பொறிப்போம். வழக்கு முடியாவிட்டால் 'இன்னும் முடியவில்லை' என்று எழுதி, பக்கத்தில் இடம் விடுவோம். வருஷாவருஷம் அந்த நாளில் அங்கே கூடுவோம்.

வில்லுப்பாட்டும் கும்மியும் ஒப்பாரியும் நம்மிடம் இருக்கின்றன. நடவு வயலில் பாட்டுக் கட்டத் தெரிந்த பெண்களுக்கு, மருந்து அறையைப் பற்றிப் பாட்டுக் கட்டத் தெரியாதா? பஞ்சுத் தூசியைப் பற்றி மில் தோழர்கள் ஒரு தெரு நாடகம் போடட்டும். பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுந்ததைப் பற்றி விவசாயக் கூலிகள் ஒன்று போடட்டும். பட்டாசு ஆலைப் பெண்கள் அதைப் பார்க்கட்டும். அவர்கள் போடுவதை இவர்கள் பார்க்கட்டும். தொழிலாளியின் புகையும் விவசாயியின் விஷத் தண்ணீரும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்பதை ஒரே மேடையில் பார்த்துவிட்டால், திருப்பூரில் நடந்ததுபோல் நம்மைப் பிரித்து மோதவிட யாராலும் முடியாது.

புகையைக் குடித்தவர்கள் இனிமேல் அதை வரையவும் கற்றுக்கொள்வோம். வரையும்போது, அது புறப்பட்ட வாசலையும், வாசலுக்குள் உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்தே வரைவோம்!